எம்.பி.ஏ. வகுப்பில் சிக்கல் முதலில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எம்.பி.ஏ. முடித்து வருகிறவர்களுக்குப் புத்தகம் தெரிகிறது, தொழில் தெரியவில்லை என்று தொழில் நடத்துவோர் நீண்ட காலமாகவே குறை சொல்லி வருகிறார்கள். அதற்குப் பதிலாகக் கல்லூரிகள் இப்போது 'பி.பி.எல்.' (ப்ராப்ளம் பேஸ்டு லேர்னிங்) என்கின்றன. சேர்க்கைக் கையேட்டில் அச்சிடுகிறார்கள். ஆய்வுக் குழு வந்தால் கோப்பை எடுத்துக் காட்டுகிறார்கள். சிக்கல்வழிக் கற்றல் என்னும் அந்த முறை மிக நல்ல முறை. மேலாண்மைப் பாடத்துக்கு அது பொருந்துகிற அளவுக்கு வேறெதுவும் பொருந்தாது என்றே நாங்கள் நம்புகிறோம். ஆனால் அந்தப் பெயரில் வகுப்பில் நடப்பது பெரும்பாலும் வேறு. நான்கு வகுப்பு பாடம் எடுத்துவிட்டு ஐந்தாவது வகுப்பில் ஒரு நிறுவனத்தின் நிலைமையை விவரிக்கும் கேஸ் ஸ்டடியைக் கொடுத்து, 'படித்ததை இதில் பொருத்திக் காட்டுங்கள்' என்கிறார்கள். அது பயிற்சிக் கணக்கு. எந்தச் சூத்திரத்தைப் போட வேண்டும் என்பது மாணவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. தொழிலில் யாரும் அத்தியாயத்தின் பெயரைச் சொல்லிவிட்டுச் சிக்கலைக் கொண்டுவருவதில்லை.

சிக்கல்வழிக் கற்றலில் வரிசைதான் உயிர். பாடம் நடப்பதற்கு முன்பே சிக்கல் கைக்கு வர வேண்டும். கனடாவின் ஹாமில்டன் நகரில் உள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 1969-இல் தன் முதல் அணி மாணவர்களைச் சேர்த்தபோது இப்படித்தான் தொடங்கியது. முதலில் நோயாளியின் நிலைமை. அதைப் புரிந்துகொள்ள எந்த உடலியல், எந்த வேதியியல் வேண்டும் என்று கண்டுபிடிப்பது மாணவர் வேலை. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம் 1974-இல் மருத்துவத்தில் இதை எடுத்துக்கொண்டது. 1984-இல் பொருளியல் புலம் தொடங்கியபோது வணிகப் படிப்புக்கும் கொண்டுவந்தது. சிங்கப்பூரில் 2002-இல் அமைந்த ரிபப்ளிக் பாலிடெக்னிக், 'ஒரு நாள், ஒரு சிக்கல்' என்று இதையே ஒரே நாளுக்குள் சுருக்கியது. காலையில் சிக்கலைக் கொடுத்து மாலைக்குள் குழுக்களைத் தீர்வோடு வரச் சொல்லும் ஏற்பாடு அது.

கேஸ் முறையும் இதுவும் ஒன்றல்ல. ஹார்வர்ட் வணிகப் பள்ளி 1920-களில் வளர்த்தெடுத்து, 1961-இல் தொடங்கிய அகமதாபாத் ஐ.ஐ.எம். வழியாக நம் நாட்டில் வேரூன்றிய கேஸ் முறையில், பதினைந்து இருபது பக்க கேஸை மாணவர் வீட்டில் படித்துவிட்டு வருவார். பெரிய வகுப்பில் ஆசிரியர் கேள்விகளால் விவாதத்தை நடத்துவார். அது நல்ல முறை. ஆனால் அங்கே தகவல்களைத் தேடி, வடித்து, அடுக்கி வைக்கும் வேலையைக் கேஸ் எழுதியவரே செய்து முடித்திருக்கிறார். இங்கே அந்த வேலைதான் பாடம். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் கம்பெனிக்குப் போய் அறிக்கை எழுதுவதையும் பி.பி.எல். கணக்கில் சேர்க்கிறார்கள். அதுவும் வேறு.

பொதுவாகச் சொன்னால் இது விளங்காது. நிதி மேலாண்மைத் தாளுக்குப் பொருந்தும் ஒரு சிக்கலை முழுதாகவே தருகிறோம். எண்கள் பயிற்சிக்காக அமைத்தவை. நிலைமை நம் ஊர்களில் அன்றாடம் காண்பது.

'திருப்பூரில் ஒரு தையல் யூனிட். மூன்று ஏற்றுமதி நிறுவனங்களுக்கு ஜாப் ஒர்க் செய்கிறது. போன மாதம் வரை 55 பேர் வேலை செய்தார்கள், மாதம் ரூ.14 லட்சத்துக்கு பில் போட்டார்கள். இந்த மாதம் ஆர்டர் கூடி 83 பேர், பில் ரூ.21 லட்சம். சராசரி நாள் கூலி ரூ.600, வாரம் ஆறு நாள். சனிக்கிழமை மாலை கையில் கொடுத்தாக வேண்டும். வாடகை, மின்சாரம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., வங்கி வட்டி எல்லாம் சேர்ந்து மாதம் ரூ.3.4 லட்சமாக இருந்தது இப்போது ரூ.4.5 லட்சம். பில் போட்ட நாளிலிருந்து பணம் வர 75 நாள் ஆகிறது. இன்று வெள்ளிக்கிழமை. வங்கியில் ரூ.1.1 லட்சம் இருக்கிறது, ஓ.டி. வரம்பு தீர்ந்துவிட்டது. "ஆடிட்டர் லாபம் என்கிறார், எனக்குக் கூலி கொடுக்கக் காசில்லை" என்கிறார் உரிமையாளர். மூன்று நிறுவனங்களில் பெரியது இன்னோர் ஆர்டர் தருகிறது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.'

இவ்வளவுதான் தாள். அரைப் பக்கம். இதில் எதெல்லாம் இல்லை என்று பாருங்கள். நடைமுறை மூலதனம் (தொழிலை அன்றாடம் ஓட்டத் தேவையான பணம்) என்ற சொல் இல்லை, தலைப்பு இல்லை, 'கணக்கிடுக' இல்லை. யூனிட் உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பெற்றதா, ஏற்றுமதியாளரோடு எழுத்தில் ஒப்பந்தம் உண்டா என்ற இரண்டு தகவல்களும் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கின்றன. அவற்றை மாணவர் கேட்க வேண்டும். கேட்டால் சொல்ல விடை ஆசிரியரின் குறிப்பில் இருக்கும். கேட்காத குழுவுக்குச் சொல்லக் கூடாது.

இதை நடத்த மாஸ்ட்ரிக்ட்காரர்கள் வகுத்த ஏழு படிகள் இன்றும் போதுமானவை. முதல் ஐந்து படிகள் முதல் அமர்வில் முடியும். அதற்கு இரண்டு பீரியடைச் சேர்த்து 100 நிமிடம் தேவை. பத்துப் பேர் கொண்ட குழு வட்டமாக உட்கார்கிறது. ஒருவர் தலைமை, ஒருவர் பலகையில் எழுதுபவர். இந்தப் பொறுப்புகள் சிக்கலுக்குச் சிக்கல் மாற வேண்டும், இல்லாவிட்டால் எழுத்து அழகாக உள்ள ஒரே மாணவி செமஸ்டர் முழுக்கப் பலகையிலேயே நிற்பார். முதல் படியில் புரியாத சொற்களைத் தெளிவாக்குகிறார்கள்: ஜாப் ஒர்க் என்றால் துணி யாருடையது (ஏற்றுமதியாளருடையது, யூனிட்டுக்குத் தையல் கூலி மட்டும்), ஓ.டி. வரம்பு என்றால் என்ன (கணக்கில் உள்ளதற்கு மேல் எடுக்க வங்கி அனுமதிக்கும் அளவு). பத்து நிமிடம் போதும். இரண்டாவது படியில், உண்மையில் சிக்கல் எது என்று ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். இங்கே அவசரப்படக் கூடாது. 'கூலிக்குப் பணம் இல்லை' என்று எழுதும் குழு ஒரு திசையில் போகும். 'ஆர்டர் கூடக் கூடக் காசு ஏன் குறைகிறது' என்று எழுதும் குழு வேறு திசையில், சரியான திசையில் போகும். மூன்றாவது படியில் தெரிந்ததையும் ஊகத்தையும் கொட்டித் தீர்க்கிறார்கள். நான்காவது படியில் அவற்றை ஒழுங்குபடுத்துகிறார்கள். பலகையை நான்கு பத்தியாகப் பிரித்துக்கொண்டால் வேலை எளிது: தெரிந்தவை, ஊகங்கள், தெரிய வேண்டியவை, எங்கே தேடுவது.

ஐந்தாவது படிதான் மிக அதிகமாகக் கெட்டுப்போகும் இடம். எதைப் படித்து வர வேண்டும் என்பதைக் குழு இங்கே கேள்விகளாக எழுதுகிறது. 'சிறு, குறு தொழில் சட்டம் பற்றிப் படித்தல்' என்று எழுதினால் அடுத்த வாரம் இணையத்திலிருந்து எடுத்த பத்துப் பக்கம் வரும். 'எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் வாங்குபவர் எத்தனை நாளில் பணம் தர வேண்டும்? தவறினால் என்ன வட்டி?' என்று எழுதினால் விடை வரும். ஐந்து அல்லது ஆறு கேள்விகளுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் கேள்விக்குறியில் முடிகிறதா என்று ஆசிரியர் பார்த்துவிட்டுத்தான் குழுவை எழுந்திருக்க விட வேண்டும்.

அதைவிடப் பெரிய கேடு பங்கு பிரிப்பது. 'நீ சட்டத்தைப் பார், நான் கணக்கைப் பார்க்கிறேன், அவன் பி.பி.டி. போடட்டும்' என்று பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஒரு துண்டுதான் தெரியும். இரண்டாவது அமர்வு ஸ்லைடு வாசிப்பாகிவிடும். எல்லாக் கேள்விகளையும் எல்லாரும் படிக்க வேண்டும். இந்த விதியைத் தளர்த்தினால் மீதி எதைச் செய்தும் பயனில்லை. ஆறாவது படியான தனிப் படிப்புக்கு மூன்று, நான்கு நாள் இடைவெளி கொடுங்கள். ஒரே நாள் என்றால் மேலோட்டமாகப் பார்ப்பார்கள்; பத்து நாள் என்றால் ஒன்பதாம் நாள் இரவுதான் எடுப்பார்கள்.

ஏழாவது படி, அதாவது இரண்டாவது அமர்வு, கணக்கில் தொடங்கட்டும். 83 பேருக்கு ஒரு வாரக் கூலி ரூ.2,98,800. நாளை மாலைக்குள் குறைவது ரூ.1,88,800. இதைக் கண்டுபிடிப்பது எளிது. பெரும்பாலான குழுக்கள் இதோடு நின்று 'கடன் வாங்கலாம்' என்று சொல்லிவிடும். அடுத்த கேள்வியை ஆசிரியர் கேட்க வேண்டும்: 'அடுத்த சனிக்கிழமை?' அப்போதுதான் குழு மாதக் கணக்குக்கு வரும். பழைய நிலையில் செலவு ரூ.12 லட்சம், வரவு ரூ.14 லட்சம், மீதி 2 லட்சம். புதிய நிலையில் கூலி மாதம் சுமார் ரூ.13 லட்சம், மற்றவை 4.5 லட்சம், ஆக ரூ.17.5 லட்சம். பில் 21 லட்சம் என்பதால் ஆடிட்டர் சொன்ன லாபம் பொய்யல்ல: மாதம் 3.5 லட்சம். ஆனால் அடுத்த 75 நாளைக்குக் கைக்கு வருவது பழைய பில் பணம், மாதம் 14 லட்சம்தான். வெளியே போவது 17.5 லட்சம். மாதம் 3.5 லட்சம் வீதம் இரண்டரை மாதத்தில் ரூ.8.75 லட்சம் பள்ளம் விழுகிறது. புதிய பில் பணம் வரத் தொடங்கிய பிறகு மாதம் 3.5 லட்சம் மிஞ்சும்; அந்தப் பள்ளத்தை மூட இன்னும் இரண்டரை மாதம் ஆகும். அதற்குள் திங்கட்கிழமை கேட்கும் அடுத்த ஆர்டருக்கும் சரி சொன்னால் பள்ளத்துக்குள் இன்னொரு பள்ளம்.

வளர்ச்சியே காசைத் தின்னும் என்பதை இப்படி வாரவாரியாகப் போட்டுப் பார்த்த மாணவர் மறக்க மாட்டார். 'நடைமுறை மூலதனத் தேவையைத் தீர்மானிக்கும் காரணிகள் யாவை?' என்ற கேள்விக்குப் பத்துக் காரணிகளை வரிசையாக எழுதிய மாணவர் தேர்வு முடிந்த வாரமே மறந்துவிடுவார்.

சட்டப் பகுதிக்கு வருவோம். மேலாண்மைச் சிக்கல் ஒரு துறைக்குள் அடங்காது என்பது இங்கேதான் மாணவருக்கு உறைக்கும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் வாங்குபவர் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி. 2023-இல் வருமானவரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று சேர்க்கப்பட்ட பிரிவு 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய தொகையைக் கெடு தாண்டி நிலுவையில் வைத்திருந்தால், உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் அதை வாங்குபவர் செலவாகக் கழிக்க முடியும்.

இவ்வளவையும் படித்துவிட்டுக் குழு உற்சாகமாக வரும்: 'சட்டம் நம் பக்கம், 45 நாளில் கேட்டு வாங்கிவிடலாம்.' இங்கே ஆசிரியர் கையில் இரண்டு கேள்விகள் தயாராக இருக்க வேண்டும். முதலாவது: ஆகஸ்டில் போட்ட பில்லுக்கு நவம்பரில் பணம் கொடுத்தால் வாங்குபவருக்கு வரி இழப்பு உண்டா? இல்லை. அதே நிதியாண்டுக்குள் கொடுத்துவிட்டால் அந்த ஆண்டிலேயே கழித்துக்கொள்ளலாம். ஆக அந்த வரிப் பிரிவு உறுத்துவது மார்ச் 31-ஐ ஒட்டிய பில்களில்தான். வட்டிப் பொறுப்பு ஆண்டு முழுக்க உண்டு, ஆனால் வட்டி கேட்டு வழக்காடும் யூனிட்டுக்கு அடுத்த ஆர்டர் யார் தருவார்? அதுதான் இரண்டாவது கேள்வி. மூன்றே மூன்று வாடிக்கையாளர். அதில் ஒருவரை இழந்தால் என்ன ஆகும்? நிதிப் பாடம் இங்கே பேரம் பேசும் பாடமாக மாறுகிறது. கூலி ஒரு வாரம் தள்ளினால் ஓவர்லாக் டெய்லர் அடுத்த தெருக் கம்பெனிக்குப் போய்விடுவார் என்பதால் மனிதவளப் பாடமாகவும் மாறுகிறது.

நிதி நிறுவனங்கள் பில்லுக்கு முன்கூட்டியே பணம் தரும் ட்ரெட்ஸ் என்னும் இணையத் தளத்தில் பில்லை வைத்து உடனே பணம் பெறலாம் என்று ஏதாவது ஒரு குழு சொல்லும். நல்ல விடைதான். ஆனால் வாங்குபவரும் அந்தத் தளத்தில் சேர்ந்து பில்லை ஏற்க வேண்டும். ரூ.250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்குத்தான் சேர்வது கட்டாயம். இந்த மூவரில் எவர் அந்த அளவுக்குப் பெரியவர் என்று குழு கேட்டதா? கேட்காவிட்டால் விடை காற்றில் நிற்கிறது. கூலிப் பங்கை மட்டும் வாராவாரம் முன்பணமாகக் கேட்டு, மீதிக்கு 60 நாள் தவணையை ஏற்பது. புதிய ஆர்டரில் பாதியை மட்டும் எடுப்பது. வசூல் 75 நாளிலிருந்து 45 நாளாகக் குறைந்தால் பள்ளம் 8.75 லட்சத்திலிருந்து 5.25 லட்சமாகக் குறைகிறது என்பதைக் காட்டி வங்கியில் வரம்பைக் கூட்டக் கேட்பது. இப்படிப் பல வழிகள் வரும். ஒரே சரியான விடை கிடையாது, ஆனால் தவறான விடைகள் உண்டு. 'விளம்பரம் செய்து விற்பனையைப் பெருக்கலாம்' என்பது தவறான விடை. அது பள்ளத்தை ஆழமாக்கும். எல்லாக் கருத்தும் நல்ல கருத்துதான் என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போகும் ஆசிரியர் இந்த முறைக்கு நன்மை செய்யவில்லை.

ஆசிரியரின் வேலை இங்கே குறைகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் கூடுகிறது; இடம்தான் மாறுகிறது. சிக்கல் அரைப் பக்கம் என்றால் ஆசிரியர் குறிப்பு மூன்று பக்கம் இருக்க வேண்டும்: எந்தக் கருத்துகள் வெளிவர வேண்டும், குழு எங்கே தடம் மாறும், அப்போது கேட்க என்ன கேள்வி, கேட்டால் மட்டும் தர வேண்டிய தகவல் எவை, கணக்கின் முழு விடை. வகுப்பில் மிகக் கடினமானது வாயைக் கட்டுவது. பத்தாவது நிமிடத்தில் குழு தவறான பாதையில் போகும்போது பதினைந்து ஆண்டு பாடம் எடுத்துப் பழகிய நாக்கு துடிக்கும். அந்த இடத்தில் விளக்கத் தொடங்கினால் அன்றைக்கு வகுப்பு முடிந்தது. மாணவர்கள் பேனாவை எடுத்துக் குறிப்பெழுதத் தொடங்கிவிடுவார்கள். 'அது தாளில் எங்கே இருக்கிறது?', 'அந்தப் பணம் எந்தத் தேதியில் கைக்கு வரும்?', 'எதிர்த்தரப்பு இதை ஏன் ஏற்கும்?' இந்த மூன்று கேள்விகளே பெரும்பாலான தவறுகளைத் திருத்திவிடும். விளக்கவுரை வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டாவது அமர்வின் கடைசி இருபது நிமிடத்தை அதற்கு வையுங்கள். அப்போது பண சுழற்சிக் காலம் (செலவிட்ட காசு திரும்பக் கைக்கு வர ஆகும் நாள்) என்று பலகையில் எழுதினால் அந்தச் சொல் உட்காருவதற்கு மாணவர் மனதில் இடம் தயாராக இருக்கும்.

இந்த முறைக்கு எதிரான வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய கல்வி உளவியலாளர் மூவர் 2006-இல் எழுதிய கட்டுரை இன்றும் விவாதிக்கப்படுகிறது. அடிப்படையே தெரியாத மாணவரைச் சிக்கலுக்குள் தள்ளினால் அவருடைய நினைவாற்றல் தேடுவதிலேயே தீர்ந்துவிடும்; செய்து காட்டிய கணக்குகளே அவருக்கு அதிகம் உதவும் என்பது அவர்கள் வாதம். ஆசிரியர் படிப்படியாகத் துணைநின்று நடத்தும் பி.பி.எல்.-ஐ வழிகாட்டலே இல்லாத கற்றலோடு சேர்த்துக் குறை சொல்வது தவறு என்று அடுத்த ஆண்டே மறுப்பும் வந்தது. எங்கள் பார்வையில் இரு தரப்பிலும் எடுத்துக்கொள்ள வேண்டியது உண்டு. எம்.பி.ஏ. முதல் செமஸ்டரில் பொறியியல் படித்தவரும் தமிழ் இலக்கியம் படித்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார்கிறார்கள். பற்று, வரவு தெரியாதவருக்கு மேலே சொன்ன சிக்கலைக் கொடுப்பது கொடுமை. கணக்கியலின் முதல் நான்கு வாரத்தைச் செய்து காட்டும் கணக்குகளுக்கே விடுங்கள். இரட்டைப் பதிவு முறையை யாரும் விவாதித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. புள்ளியியலும் அப்படித்தான். தீர்மானம் எடுக்க வேண்டிய இடங்களில், அதாவது நிதி, சந்தை, உற்பத்தித் திட்டம், மனிதவளம் ஆகியவற்றில், சிக்கல் முதலில் வரட்டும். அங்கும்கூட ஒரு தாளுக்கு ஒரு செமஸ்டரில் மூன்று சிக்கல் போதும். முழுப் பாடத்திட்டத்தையும் ஒரே ஆண்டில் மாற்றப் புறப்பட்டால் ஆசிரியர் களைத்து, அடுத்த ஆண்டு பழைய நோட்டுக்கே திரும்புவார்.

'அறுபது பேர் வகுப்பில் இது நடக்காது' என்ற மறுப்பு நியாயமானது. மாஸ்ட்ரிக்டில் ஒரு குழுவுக்கு ஒரு வழிகாட்டி. நம்மிடம் அறுபது பேருக்கு ஒருவர். ஆனாலும் வழி உண்டு. ஆய்வகப் பாடத்துக்குச் செய்வதுபோல் வகுப்பை முப்பது முப்பதாகப் பிரித்துக் கால அட்டவணை போட்டால், ஒரு நேரத்தில் பத்துப் பேர் கொண்ட மூன்று குழுக்கள்தான். ஓர் ஆசிரியர் மூன்று மேசைகளையும் சுற்றிவரலாம். இரண்டாம் ஆண்டு மாணவர்களில் நல்லவர்களைத் தேர்ந்து, ஆசிரியர் குறிப்பின் கேள்விகளை மட்டும் கொடுத்து மேசைக்கு ஒருவராக உட்கார வைக்கலாம். அவர்களுக்கு அது தனிப் படிப்பினை. பெஞ்சுகள் தரையோடு பதித்த வகுப்பறை இதற்கு உதவாது. நூலகத்தின் ஒரு மூலையோ உணவுக்கூடமோகூட அதைவிட மேல்.

விவாதம் தமிழில் நடக்கட்டும் என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று விதித்தால், கான்வென்டில் படித்த மூவர் பேசுவார்கள். சொந்த வீட்டிலேயே விசைத்தறியோ மளிகைக் கடையோ நடப்பதைப் பார்த்து வளர்ந்தவர், அதனாலேயே இந்தச் சிக்கலைப் பற்றி அதிகம் தெரிந்தவர், வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். சிக்கல் தாளையும் தமிழில் கொடுக்கலாம். முடிவில் தரும் ஒரு பக்கக் குறிப்பை ஆங்கிலத்தில் கேளுங்கள். வேலைக்கு அந்த எழுத்து தேவை, மறுக்கவில்லை. சிந்திப்பதற்கும் எழுதுவதற்கும் தனித்தனி நேரம் இருக்கிறது.

மதிப்பெண்ணை மாற்றாமல் வேறெதை மாற்றினாலும் நிற்காது. இறுதித் தேர்வு 'வரையறு, விளக்கு, பட்டியலிடு' என்றே கேட்டால், சிக்கலுக்குச் செலவிட்ட நேரம் வீண் என்று மாணவர் சரியாகவே முடிவு செய்வார். முதல் படியாக இன்டர்னல் மார்க்கைத் தொடலாம், அது கல்லூரியின் கையில் இருக்கிறது. குழு தரும் ஒரு பக்கக் குறிப்புக்குக் கால் பங்கு. கலந்துரையாடலில் அவரவர் செய்த பங்குக்குக் கால் பங்கு. இதைக் குழுவினரே ஒருவருக்கொருவர் ரகசியமாகப் போட்டு, ஆசிரியர் சரிபார்க்கட்டும். மீதிப் பாதி தனித்தனியாக எழுதும் தேர்வுக்கு. அந்தத் தேர்வில் அதே சிக்கலை எண்ணை மாற்றிக் கொடுங்கள்: வசூல் 75 நாளுக்குப் பதில் 90 ஆனால்? கூலி 600-க்குப் பதில் 660 ஆனால்? குழுவின் முதுகில் ஏறி வந்தவர் இங்கே நின்றுவிடுவார்.

ஏ.ஐ. வந்த பிறகு தனித்தேர்வு என்னும் இந்தப் பாதி இன்னும் முக்கியம். மேலே உள்ள தாளை அப்படியே ஒட்டினால் ஏழு படிகளையும் அது நிமிடத்தில் எழுதித் தருகிறது. தடை போட்டுப் பயனில்லை. தனிப் படிப்பின்போது பயன்படுத்தட்டும். இரண்டாவது அமர்வுக்குக் கைப்பட எழுதிய ஒரு பக்கக் குறிப்பை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். மேசையில் போனும் லேப்டாப்பும் வேண்டாம். நாள் கணக்கிலும் சட்டப் பிரிவிலும் அது தவறிய இடத்தைக் கண்டுபிடித்து வரும் குழுவுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாம்.

சிக்கலை எங்கிருந்து எடுப்பது? வெளிநாட்டுப் பாடநூலில் வரும் காபிக் கடைச் சங்கிலியை மொழிபெயர்க்க வேண்டாம். சிவகாசியில் பண்டிகைக் காலத்து விற்பனையை நம்பி ஆண்டு முழுக்க உற்பத்தி செய்யும் பட்டாசு ஆலையின் சரக்குத் தேக்கம், ஈரோட்டு மஞ்சள் வியாபாரியின் இருப்பு வைக்கும் முடிவு, ஒரே வாகன நிறுவனத்தை நம்பி நிற்கும் ஓசூர் உதிரிபாகப் பட்டறை என்று நம்மைச் சுற்றியே நிறைய இருக்கிறது. தொழில் நடத்தும் ஒருவரிடம் அவருடைய தொல்லையை ஒரு மணி நேரம் கேட்டு, பெயரையும் எண்ணையும் மாற்றி, அனுமதி வாங்கி எழுதலாம். எழுதியதை வேறு துறை ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படித்தவுடன் 'இது எந்தப் பாடம்' என்று அவர் சரியாகச் சொல்லிவிட்டால் சிக்கல் தன் விடையைக் காட்டிக்கொடுக்கிறது என்று பொருள். திருத்தி எழுத வேண்டும். ஒரே சிக்கலை இரண்டு ஆண்டுக்கு மேல் ஓட்டவும் கூடாது. சீனியர் எழுதிய விடை விடுதியில் கைமாறத் தொடங்கிவிடும்.

பல்கலைக்கழகங்களிடம் நாங்கள் கேட்பது சிறியது. பாடத்திட்டத்தை இப்போதே மாற்ற வேண்டாம், புதிய தாள் சேர்க்க வேண்டாம். நிதி மேலாண்மை வினாத்தாளில் 'காரணிகளை விளக்குக' என்னும் ஒரே ஒரு பெரிய கேள்வியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதைக் கேட்கட்டும்: 'ஒரு யூனிட்டின் மாத பில் ரூ.14 லட்சத்திலிருந்து 21 லட்சமாகவும், செலவு 12 லட்சத்திலிருந்து 17.5 லட்சமாகவும் உயர்கிறது. வசூல் 60 நாள், கூலி வாரந்தோறும். அதிகபட்சம் எவ்வளவு காசு பற்றாக்குறையாகும், அது எத்தனையாவது வாரத்தில்? வாங்குபவரிடம் எதைக் கேட்பீர்கள், பதிலுக்கு எதை விட்டுக்கொடுப்பீர்கள்?'

இப்படிக்கு,
மேலாண்மைத் துறை ஆசிரியர்கள் இருவர்,
கோயம்புத்தூர்.